டிக்கிக்குள் ஒரு முக்கோணம்

புதுக் காரோடு முதலுதவிப் பெட்டியும் சிவப்பு முக்கோணமும் கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள். நம் வீட்டுக் கார்களில் அந்த முக்கோணம் உறை பிரியாமல் டிக்கியின் அடியில் கிடக்கும். அதன்மேல் புளியோதரைத் தூக்கு, பாய், பெரியம்மாவின் வெற்றிலைப் பெட்டி. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பஞ்சரான அன்றுதான் பார்ப்போம். அதற்காக நம்மை அலட்சியக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. முன்னால் எலுமிச்சை மிளகாய், டேஷ்போர்டில் பிள்ளையார், வாந்திக்கென்று 2019இலேயே தமிழகத்தில் தடை செய்யப்பட்ட பாலிதீன் பை ஒரு கட்டு! வண்டி நடுவழியில் நின்றால் பின்னால் போட வேப்பங்கிளை இருக்கவே இருக்கிறது. என்ன, இருட்டில் வேப்பிலை மின்னாது. அடுத்த முறை குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பும்போது புளியோதரையைக் கீழே வைத்து, முக்கோணத்தை மேலே வையுங்கள். 108ஐ அழைக்க போனில் கொஞ்சம் சார்ஜும் இருக்கட்டும்.