மனம்புண்பட்டார்

எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. இஸ்திரி வண்டிக்காரர் முதல் கூரியர் பையன் வரை எல்லோரும் அவரை ‘மனம்புண்பட்டார்’ என்றுதான் குறிப்பிடுகிறார்கள். நாயன்மார் வரிசையில் விட்டுப்போன ஒரு பெயர்போல ஒலிப்பதால் அவருக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. கூட்டுறவு வங்கியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றி நிறைய விபூதி, கையில் இரண்டு போன், கக்கத்தில் ஒரு ஃபைல். காலையில் காபி, பேப்பர், புண்படுதல் என்ற வரிசை மழை கொட்டினாலும் மாறாது. சினிமாவோ நாவலோ கார்ட்டூனோ எதுவும் சிக்காத வாரங்களில் முகம் வாடிப்போய், பழைய ஃபைலைப் பிரித்து, என்றோ புண்பட்டதையே இன்னொரு முறை புண்பட்டுப் பார்த்துக்கொள்வார்.

கெட்ட மனிதர் இல்லை. கைமாற்றுக் கேட்டால் தருவார். சாவு வீட்டுக்கு முதல் ஆளாக வருவார். ஒரு காலத்தில் தெருக்குழாயில் தண்ணீர் வராததற்கு நகராட்சிக்கு நடையாய் நடந்தவரும் அவர்தான். அந்த நடையில் ஒரு பியூன்கூட அவரை உட்காரச் சொன்னதில்லை. ஒரு படத்துக்கு எதிராக மனுக் கொடுத்த அன்றோ டி.வி.யில் நான்கு விநாடி வந்தார். இன்ஸ்பெக்டர் டீ வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து குழாயில் காற்று வந்தாலும் அவர் மனம் புண்படுவதில்லை.

அவருக்கு ஒரு பேரவை உண்டு. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் அவரே. கருத்து வேறுபாடு வந்ததில்லை. பேரவையின் லெட்டர்பேடில் மனு பாதிக்குமேல் அச்சாகியே இருக்கும். படத்தின் பெயர், இயக்குநர் பெயர், தேதி ஆகிய இடங்களில் மட்டும் கோடு. இந்திய தண்டனைச் சட்டம் 295-ஏ பிரிவும் அச்சிலேயே உண்டு. லாகூரில் ஒரு துண்டுநூலைப் பதிப்பித்தவர் உயர் நீதிமன்றத்தில் விடுதலையாக, அதனால் எழுந்த கொந்தளிப்பை அடக்க 1927-இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த பிரிவு அது. புண்படுத்தினால் மட்டும் போதாது, வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு செய்திருக்கவேண்டும் என்கிறது சட்டம். அந்த வரியை அவர் கண்ணாடி போடாமல் படித்திருக்கவேண்டும். 2024 ஜூலையில் புதிய சட்டம் வந்து 295-ஏ என்பது 299 ஆனபோதுதான் அவர் உண்மையிலேயே நொறுங்கிப்போனார். கட்டுக்கட்டாக லெட்டர்பேடு அச்சடித்து வைத்திருந்தார். “சாமியைக் கேலி பண்ணினவனைக்கூட மன்னிச்சிடுவார் போல, நம்பரை மாத்தினவனை மன்னிக்கவே மாட்டேங்கிறார்” என்றார் அவர் மனைவி.

அவரிடம் கேட்கக்கூடாத கேள்வி ஒன்று உண்டு. நான் கேட்டேன்.

“படம் பார்த்தீங்களா சார்?”

“விஷத்தைக் குடிச்சுப் பார்த்துத்தான் விஷம்னு சொல்லணுமா தம்பி?”

“அப்போ குடிச்சுப் பார்த்துச் சொன்னது யாரு?”

“குரூப்ல வந்தது.”

குரூப்பில் இருநூறு பேர். அவர்களிலும் ஒருவர் பாக்கியில்லாமல் யாரும் குடிக்கவில்லை. தமிழ்நாட்டின் புண்பட்ட வரலாற்றில் இது புதிதல்ல. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ வெளிவந்தது 2010-இல். நான்கு ஆண்டுகள் அது கடையில் கிடந்தது. திருச்செங்கோட்டு அர்த்தநாரீஸ்வரர் ஒன்றும் சொல்லவில்லை. 2014 டிசம்பரில் சில பக்கங்கள் மட்டும் ஜெராக்ஸ் ஆகி ஊருக்குள் சுற்றின. நூல் எரிந்தது, கடைகள் அடைபட்டன. 2015 ஜனவரியில், தான் செத்துவிட்டதாக அந்த எழுத்தாளரே முகநூலில் அறிவிக்கும்படி ஆயிற்று. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், பிடிக்காவிட்டால் புத்தகத்தைத் தூக்கிப்போடு, படித்தே தீரவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்ற பொருளில் தீர்ப்புச் சொல்லி அவரை உயிர்ப்பித்தது. அந்த ஊர்க்காரர்களின் கோபத்தில் தங்கள் வீட்டுப் பெண்களைப் பற்றிய மானப்பிரச்சினையும் கலந்திருந்தது. அதை வெறும் நடிப்பு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஜெராக்ஸைப் படித்துவிட்டு நாவலைக் கொளுத்தலாம் என்கிற கணக்குத்தான் பிடிபடவில்லை. மனம்புண்பட்டாரிடம் அந்த ஜெராக்ஸ் இன்றும் இருக்கிறது. லேமினேட் செய்து வைத்திருக்கிறார்.

திங்கட்கிழமை என்றால் கலெக்டர் ஆபீஸ். குறைதீர்க்கும் நாள். அங்கே வராந்தாவில் அவருக்கு இரண்டு ஆத்ம நண்பர்கள் கிடைத்திருக்கிறார்கள். ஒருவர் 2006-இல் ‘டா வின்சி கோட்’ படத்தால் புண்பட்ட கிறிஸ்தவர். இன்னொருவர் 2013-இல் ‘விஸ்வரூபம்’ படத்தால் புண்பட்ட இஸ்லாமியர். மத நல்லிணக்கத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் அந்த வராந்தாவுக்குப் போகலாம். ஒருவர் பேனாவில் மற்றவர் எழுதுவார். ஒருவர் வீட்டு அதிரசத்தை மற்றவர் தின்பார். ‘வேதனையுடன்’ என்று எழுதலாமா, ‘மிகுந்த மன வேதனையுடன்’ என்று எழுதலாமா என்று மும்மதமும் கூடி விவாதிக்கும். மூவரில் ஒருவரும் தாங்கள் புண்பட்ட படத்தை அப்போது பார்த்திருக்கவில்லை. தணிக்கைக் குழு அனுமதித்த ‘டா வின்சி கோட்’ படத்துக்குத் தமிழக அரசு தடை போட, உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது அல்லவா? பல வருஷம் கழித்து அந்த நண்பர் அதை டி.வி.யில் பார்த்தாராம். “இவ்வளவு போரடிக்கும்னு தெரிஞ்சிருந்தா தடையே கேட்டிருக்க மாட்டேன் பிரதர். தானா ரெண்டு நாள்ல எடுத்திருப்பான்” என்று மனம்புண்பட்டாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மனம்புண்பட்டாரின் வீட்டில்தான் அவருடைய அம்மாவும் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். பிரதோஷம் தவறவிடாதவர். ‘இந்திரலோகத்தில் நா அழகப்பன்’ டி.வி.யில் ஓடினால் வடிவேலுவின் எமனைப் பார்த்துப் பல்செட் கழல்கிற அளவு சிரிப்பார். எமன் வரப்போகிற வயசில் எமனைப் பார்த்துச் சிரிக்க ஒரு தெம்பு வேண்டும். ஒருநாள் ஏதோ ஒரு படத்தில், அவர் தினமும் சொல்லும் ஒரு தோத்திரத்தைக் குத்துப்பாட்டுக்கு நடுவே போட்டு ஆடினார்கள். “கண்றாவி” என்று ரிமோட்டை அமுக்கினார். மகன் உள்ளேயிருந்து பேனாவோடு ஓடிவந்தார்.

“என்ன படம்மா? எந்த சேனல்?”

அம்மா பூஜை அறைப் பக்கம் கையைக் காட்டினார். “உள்ளே இருக்கிறவன் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தான். அவனுக்கு வராத கோபம் உனக்கு எதுக்குப்பா?”

அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று மருமகள் சொன்னார். அந்த வீட்டில் யாருக்காவது உண்மையில் வலித்தது என்றால் அது அந்த அம்மாவுக்குத்தான். அதற்கு மனுவும் கிடையாது, நான்கு விநாடி டி.வி.யும் கிடையாது.

மனம்புண்பட்டாருக்குப் பெரியபுராணத்தில் பிடிமானம் உண்டு என்பதால் ஒருநாள் மெதுவாகச் சிவகோசரியார் பேச்சை எடுத்தேன். காளத்தியில் பூசை செய்த அந்தணர். விடிந்து வந்து பார்த்தால் சன்னதியில் எலும்பும் இறைச்சியும். அழுதுகொண்டே சுத்தம் செய்து, பூசை முடித்துப் போவார். மறுநாளும் அதே கோலம். அவரைவிட நியாயமாகப் புண்பட்டவர் நம் இலக்கியத்தில் யாரும் இல்லை. அவர் முறையிட்டது ராஜாவிடம் அல்ல, சிவனிடம். சம்பந்தப்பட்ட துறை அதுதானே! சிவன் குற்றவாளியைத் தண்டிக்கவில்லை. நாளைக்கு மறைந்திருந்து பார் என்றார். வாயில் கொண்டுவந்த தண்ணீரை உமிழ்ந்து நீராட்டியவன், செருப்புக் காலால் பூவை ஒதுக்கியவன், மென்று ருசி பார்த்த கறியைப் படைத்தவன், சுவாமி கண்ணில் ரத்தம் கண்டதும் தன் கண்ணைத் தோண்டி அப்புவதை அவர் முழுக்கப் பார்த்தார். மறு கண்ணுக்காகக் காலையே ஊன்றியபோதும் இடத்தைவிட்டு எழவில்லை.

“பாதியிலே எழுந்து போய் அவர் மனு எழுதியிருந்தா நமக்குக் கண்ணப்பர் கிடைச்சிருப்பாரா சார்?”

கொஞ்ச நேரம் யோசித்தார். தேறிவிட்டார் என்றே நினைத்தேன். “அவர் காலத்துல யூடியூப் இல்லே தம்பி” என்றார்.

விடாமல் அமெரிக்காவுக்குப் போனேன். 2011-இல் நியூயார்க்கில் ‘தி புக் ஆஃப் மார்மன்’ என்றொரு இசை நாடகம் வந்தது. மார்மன் மதத்தை மேடையில் வைத்து விளாசுகிற நாடகம். அந்தச் சபையார் தியேட்டரைக் கொளுத்தவில்லை. நாடகத்தின் நிகழ்ச்சிக் கையேட்டிலேயே காசு கொடுத்து விளம்பரம் போட்டார்கள்: நாடகத்தைப் பார்த்துவிட்டீர்கள், இனி எங்கள் வேத நூலையும் படித்துப் பாருங்கள் என்கிற மாதிரி. கேலி பார்க்க வந்த கூட்டத்தையே பிரசங்கத்துக்கு அழைத்துவிட்டார்கள்.

“காசு கொடுத்தா? அவங்களுக்கு ரோஷமே கிடையாதா?” என்றார் மனம்புண்பட்டார். ரோஷத்தைவிட அந்தக் காசு அவரை அதிகம் உறுத்தியது. கூட்டுறவு வங்கிக்காரர் அல்லவா.

போன வைகாசியில் செய்யாறு பக்கம் அவருடைய சொந்த ஊரில் திரௌபதி அம்மன் திருவிழா. என்னையும் அழைத்துப்போனார். ராத்திரி கூத்து. ஊர்ப் பெரியவர்கள் அவருக்கு ஆரஞ்சு நிறச் சால்வை போர்த்தி முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். விடியற்காலை ஈரக்காற்றுக்கு அவர் அதையே தலையில் முண்டாசாகச் சுற்றிக்கொண்டார். கட்டியங்காரன் வந்தான். கூத்தில் அவன் தொடாத தெய்வம் கிடையாது. தர்மராஜாவின் சூதாட்டம், வீமனின் வயிறு, கிருஷ்ணனின் சம்சாரங்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்து, இங்கே எழுத முடியாத அழகோடு போட்டு உடைத்தான். ஊரே உருண்டது. மனம்புண்பட்டார் நாற்காலிக் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர். “சின்ன வயசுல இவன் தாத்தா இதே வேஷம் கட்டிப் பார்த்திருக்கேன் தம்பி, அந்த ஆள் இன்னும் மோசமாப் பேசுவான்” என்று பூரித்துப்போனார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை.

திரும்பி வந்த சில நாளில் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. இருட்டில் யாரோ போனில் எடுத்த துண்டு. கீழே தலைப்பு: நம் தெய்வங்களைக் கேவலப்படுத்தும் கும்பல், பார்த்துவிட்டுச் சும்மா இருப்பவன் மனிதனே அல்ல, பகிரவும்.

காலை ஆறு மணிக்கே கதவைத் தட்டினார். கண் சிவந்திருந்தது. மனு தயாராக இருந்தது; 295-ஏ அடிக்கப்பட்டு 299 என்று கையால் திருத்தப்பட்டிருந்தது. தமிழ் பிழை பார்த்துத் தரச் சொன்னார். பிழை ஒன்றும் இல்லை. கூத்தை நடத்தியவர்கள்மீது நடவடிக்கை, மன்னிப்பு எல்லாம் முறையாகக் கேட்டிருந்தார். கடைசிப் பத்தி மட்டும் கோடிட்ட இடத்தில் நிரப்பியது அல்ல, புதிதாக எழுதியது: மேற்படி வீடியோவில் முன்வரிசையில், தலையில் ஆரஞ்சுத் துணி சுற்றிக்கொண்டு, நாற்காலியைத் தட்டிச் சிரித்து இக்கயவர்களை ஊக்குவிக்கும் நபரை உடனடியாக அடையாளம் கண்டு, அவர்மீதும் உரிய பிரிவில் வழக்குப் பதியவேண்டும்.