கலாம் என்ற பெயரோடு அன்றும் இன்றும்

நான் படித்த காலத்தில் திருத்தணிப் பள்ளிகளின் வருகைப் பதிவேட்டை வாசித்தாலே போதும், மலைமேல் குடியிருப்பவர் யார் என்று தெரிந்துவிடும். தணிகாசலம், தணிகைவேல், தணிகைமலை, பழனிவேலு, சுப்பிரமணி. நடுநடுவே தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளைகள்: சுப்பராயுடு, வெங்கடேசுலு, முனிரத்தினம். 1960 ஏப்ரல் 1 வரைக்கும் எங்கள் ஊர் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. போன்றவர்கள் போராடி, படாஸ்கர் தீர்ப்பு வந்து, திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு மறுவருடம் நான் பிறந்தேன். முஸ்லிம் பிள்ளைகள் என்றால் பாஷா, மஸ்தான், காதர், ரஹீம். ஆற்காட்டு நவாபு ஆண்ட வட்டாரம் என்பதால் பாஷா என்று கூப்பிட்டால் தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அப்துல் கலாம் என்ற பெயரோடு என்னைத் தவிர வேறு யாரையும் அந்த வயதில் நான் கண்டதில்லை.

அந்தப் பெயர் வந்த கதை இது. அத்தா மேல்விஷாரத்திலிருந்து பிழைக்க வந்து, மலையடிவாரத்தில் தையற்கடை வைத்திருந்தார். ஆடிக் கிருத்திகை நெருங்கினால் காவடி எடுப்பவர்களுக்கு மஞ்சள் துணி ஓரம் அடித்துக் கொடுப்பதிலேயே அவருக்கு ராவும் பகலும் போகும். அவர் காங்கிரஸ்காரர். மௌலானா அபுல் கலாம் ஆசாத் மேல் அவருக்கு இருந்த மரியாதையை எந்தத் தட்டிலும் நிறுக்க முடியாது. ஆசாத் 1958-ல் இறந்தபோது இரண்டு நாள் கடை திறக்கவில்லை என்று அம்மா சொல்வார். மூன்று வருடம் கழித்துப் பிறந்த மகனுக்கு அந்தப் பெயரையே வைக்க நினைத்தார். பிறப்பைப் பதியப் போன இடத்தில் எழுதுபவருக்கு அபுல் என்ற சொல் பழக்கமில்லை. முஸ்லிம் பெயர் அப்துல் என்றுதானே தொடங்கும் என்று அவராகவே ஒரு எழுத்தைச் சேர்த்துவிட்டார்.

அந்த ஒரு எழுத்தில் பொருளே தலைகீழாகிவிட்டது. கலாம் என்றால் அரபியில் சொல், பேச்சு. அபுல் கலாம் என்றால் சொல்லின் தந்தை. பேச்சில் வல்லவர் என்பது கருத்து. ஆசாத்துக்கு அது பெற்றோர் வைத்த பெயர் கிடையாது. 1888-ல் மக்காவில் பிறந்தபோது அவர் முஹியுத்தீன் அஹ்மத். அபுல் கலாம் பிறகு வந்த பட்டம். ஆசாத் அவரே சூட்டிக்கொண்ட புனைபெயர். அப்துல் என்பதோ ஒன்றின் அடியான் என்று பொருள்படும் சொல். அதற்குப் பின்னால் இறைவனின் திருநாமங்களில் ஒன்று வருவதே வழக்கம்: காதிர், ரஹீம், ரஹ்மான், கரீம். வழக்கமாக ஓதப்படும் தொண்ணூற்றொன்பது திருநாமங்களில் கலாம் கிடையாது. ஆனாலும் பேசுதல் இறைவனின் பண்புகளில் ஒன்று என்று மார்க்க அறிஞர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். இறையியலுக்கே இல்முல் கலாம் என்றுதான் பெயர். மூசா நபியின் கலீமுல்லாஹ் என்ற சிறப்புப் பெயரும் இதே வேரிலிருந்து வந்ததுதான். அதனால் சொல்லின் அடியான் என்பது பொருளற்ற பெயராகிவிடாது. அரிய பெயர், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த ஹஜ்ரத் இதை விளக்கியபோது அத்தா நிம்மதியடைந்தார். "சொல்லுக்கு அடிமையா இருக்கட்டும், அதுவும் நல்லதுதான்" என்றாராம்.

அரபுச் சொற்கள் தமிழுக்குப் புதியவை என்று நினைப்பவர்கள் உண்டு. அருணகிரிநாதர் சுவாமிமலை முருகனைப் பாடிய திருப்புகழ் ஒன்றில் சலாம் என்ற சொல்லை அத்தனை இயல்பாக வைத்திருக்கிறார். கீழக்கரையின் ஷெய்கு அப்துல் காதிர் தமிழ்ப் புலவர்களின் வாயில் சீதக்காதி ஆனார். எந்த அரபுப் பெயரும் தமிழ் நாக்கில் புழங்கப் புழங்க நம் பெயராகிவிடும். புழக்கத்துக்கு வராத பெயர்தான் தவிக்கும். என் பெயர் அப்படித் தவித்தது.

அந்தக் காலத்து வகுப்பறையைச் சொல்கிறேன்.

"இன்னாடா பேரு?"

"அப்துல் கலாம் சார்."

"காதரா?"

"கலாம் சார்."

"சரி, உக்காரு பாஷா."

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் ஒரு பிள்ளை தன் பெயரைச் சொல்ல வாயைத் திறக்கும்போதெல்லாம் எதிரில் இருப்பவர் வேறொரு பெயரைக் கையில் கொடுத்தால், அந்தப் பிள்ளை நாளடைவில் சத்தமாகப் பேசுவதையே விட்டுவிடும். என் ரேஷன் அட்டையில் கமால், ஒரு சான்றிதழில் கலா, வாக்காளர் பட்டியலில் வெறும் அப்துல். வெறும் அப்துல் என்றால் அடியான் என்று மட்டும்தான் அர்த்தம், யாருக்கு என்று இருக்காது.

1981-ல் பத்மபூஷண் பட்டியல் செய்தித்தாளில் வந்தது. அதற்கு முந்தைய ஜூலை 18 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி.-3 ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்திருந்தது. எங்கள் ஊருக்கு வடகிழக்கே, காக்கை பறக்கும் தொலைவில் பார்த்தால் நூறு கிலோமீட்டர்கூட வராத இடம். அந்தத் திட்டத்தின் இயக்குநர் பெயரைக் கண்டதும் அத்தா தையல் மெஷினை நிறுத்திவிட்டு, அந்தத் துண்டை மட்டும் கத்தரித்துக் கடைச் சுவரில் ஒட்டினார். "ராமேஸ்வரத்துக்காரராம்டா" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அதுவரை என் பெயரை இன்னொருவர் பெயராக நான் அச்சில் பார்த்தது கிடையாது.

அவருடைய முழுப்பெயரை மெல்லச் சொல்லிப் பார்க்க வேண்டும்: அவுல் பக்கீர் ஜைனுலாபுதீன் அப்துல் கலாம். கொள்ளுத்தாத்தா, தாத்தா, அப்பா, பிறகு தான். ஜைனுலாபுதீன் என்றால் வணங்குவோரின் அணிகலன்; நபிகள் நாயகத்தின் கொள்ளுப்பேரருக்கு வழங்கிய சிறப்புப் பெயர். சொற்கள் வெளியூர் என்றாலும் முன்னோர் பெயரைத் தலைப்பெழுத்தாக முன்னால் வைக்கும் ஒழுங்கு நம்முடையது. எங்கள் ஊரில் 1888-ல் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனின் பெயருக்கு முன்னால் இருப்பது தெலுங்கு வழக்கப்படி வீட்டுப் பெயர். அதே 1888-ல் பிறந்த ஆசாத் கல்வி அமைச்சராக இருந்தபோதுதான் 1948-ல் பல்கலைக்கழகக் கல்விக் குழு அமைந்தது. அதற்குத் தலைவர் ராதாகிருஷ்ணன். என் பெயருக்கும் என் ஊருக்கும் இப்படி ஓர் உறவு இருப்பதை ஆசிரியரான பிறகு படித்துத் தெரிந்துகொண்டபோது, இதைக் கேட்க அத்தா உயிரோடு இல்லையே என்று மனசு அடித்துக்கொண்டது.

2002 ஜூலை 25 அன்று ராமேஸ்வரத்துக் கலாம் குடியரசுத் தலைவரானார். அன்று முதல் என் பெயரை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. பேருந்தில், வங்கியில், மலைக்குப் போகும் ஆட்டோவில், பெயரைச் சொன்னதும் முகம் மலரும். கமால் என்று எழுதியதைத் திருத்தப் பல வருடம் அலைந்த எனக்கு, ஒரே நடையில் திருத்திக் கொடுத்தார்கள். அவர் பெயர் ஒடிசாக் கடற்கரையில் ஒரு தீவுக்கு வந்தது. டெல்லியில் சாலைக்கு வந்தது. சர்வதேச விண்வெளி நிலையத்தின் வடிகட்டியில் கண்டெடுத்த பாக்டீரியாவுக்கும் 2017-ல் கலாமி என்று வந்தது. அதே வருடம் மாணவர்கள் செய்த 64 கிராம் செயற்கைக்கோளுக்குக் கலாம்சாட். அக்டோபர் 15 தமிழ்நாட்டில் இளைஞர் எழுச்சி நாள்.

நான் பணியில் இருந்த கடைசி வருடங்களில் ஒரு நெசவாளி, பொதட்டூர்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர், மகனைச் சேர்க்க வந்தார். பெயர் கலாம். அப்துல் கிடையாது, கலாம் மட்டும். நெற்றியில் பட்டையாகத் திருநீறு. "ஐயா மேல இருக்கிற பிரியத்துல வெச்சோம் சார்" என்றார். சேர்க்கைப் பதிவேட்டில் அந்தப் பெயரை எழுதும்போது என் கை நடுங்கியது. ஒரு காலத்தில் தணிகைவேல்களும் சுப்பராயுடுகளும் நிறைந்திருந்த பக்கத்தில், இன்று ரித்விக், யாஷிகா வரிசைக்கு நடுவே, முருகனைக் கும்பிடும் வீட்டிலிருந்து ஒரு கலாம். அரிய பெயர் என்று இனி இதைச் சொல்ல முடியாது.

ஆனால் பெயருக்குக் கிடைத்த இந்த அன்பு எதுவரை வரும் என்பதையும் பார்த்துவிட்டேன். என் மகன் சென்னையில் வாடகைக்கு வீடு பார்த்தான். வீட்டுக்காரரின் கூடத்தில் கலாம் ஐயாவின் படம் மாலையோடு இருந்தது. பேச்செல்லாம் முடிந்து ஒப்பந்தம் எழுதும் நேரத்தில் தகப்பன் பெயர் கேட்டார். மகன் சொன்னான். "நிஜமாவே முஸ்லிமா தம்பி?" என்று கேட்டுவிட்டு, சொந்தக்காரர் வருகிறார் என்று சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். 2011 செப்டம்பரில் நியூயார்க் விமான நிலையத்தில் கலாமையே தடவிச் சோதித்தார்கள். அமெரிக்க அரசு வருத்தம் தெரிவித்தது. என் மகனிடம் யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. படத்துக்கு மாலை போட்டவருக்கு அந்தப் பெயர் ஒரே ஒருவருடைய பெயர். அது ஒரு சமூகத்தின் பெயர், பக்கத்து வீட்டுக்காரனுக்கும் இருக்கக்கூடிய பெயர் என்பது அவர் நினைப்பில் நுழையவே இல்லை.

இன்று பள்ளிகளில் பெயர் எழுதும் இளம் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முன்னால் நிற்கும் பிள்ளை தன் பெயரைச் சொல்லும்போது, உங்களுக்குப் பழக்கமில்லாத பெயராக இருந்தால், இன்னொரு தரம் கேளுங்கள். அது சொன்னபடியே எழுதுங்கள். எழுதியதை அந்தப் பிள்ளையிடம் ஒருமுறை சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டுப் பிறகு பதிவேட்டை மூடுங்கள்.