பட்டர்வொர்த்தில் இறங்குங்கள், மாமா

ஜார்ஜ்டவுன், பினாங்கு.

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

அங்கு கண்மாயில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, மாமாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று அறிய ஆவல்.

தைப்பூசத்துக்கு நீங்கள் இருவரும் பினாங்கு வரப்போகும் செய்தி, அத்தை எனக்குச் சொல்வதற்கு முன்பே மம்சாபுரத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்து வாட்ஸ்அப்பில் எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. வாழ்த்தோடு மகனின் பயோடேட்டாவையும் சேர்த்து அனுப்பியவர்களும் உண்டு. வழியைப் போனில் சொன்னால் மாமா ‘ம்’ கொட்டுவீர்கள். பிறகு திருச்சி விமான நிலைய வாசலில் நின்றுகொண்டு “அடுத்து என்ன மாப்ளே?” என்று கூப்பிடுவீர்கள். அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

முதலில் உங்கள் குற்றச்சாட்டு. “பினாங்குலயே ஏர்போர்ட் இருக்காம்ல, அப்புறம் ஏன் எங்கள கோலாலம்பூர்ல எறக்கி பஸ்ஸுலயும் படகுலயும் ஏத்தி அலைய விடுற?” இருக்கிறது, மாமா. தீவின் தென்பக்கம் பாயான் லெப்பாஸில் இருக்கிறது. 2024 டிசம்பரிலிருந்து சென்னையிலிருந்து நேர் விமானமும் விட்டிருக்கிறார்கள். ஆனால் மம்சாபுரத்துக்காரனுக்குச் சென்னையே பாதி வெளிநாடு. பொதிகையில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழும்பூரில் இறங்கி மீனம்பாக்கம் போய்ச் சேர்வதற்குள் அத்தைக்குத் தலைவலி வந்துவிடும். திருச்சி என்றால் ஸ்ரீவில்லிபுத்தூரில் மதுரை பஸ், மாட்டுத்தாவணியில் திருச்சி பஸ், முடிந்தது. இது அத்தைக்குச் சொல்லும் காரணம். உங்களுக்குச் சொல்லும் காரணம் வேறு. தீவுக்கு வருகிறவர் கடலைக் கடந்துதான் வர வேண்டும். வானத்திலிருந்து நேரே தீவில் குதிப்பது மரியாதை இல்லை.

காகித வேலை குறைவு. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் 30 நாள் சுற்றிப் பார்க்க விசா வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வருகைப் படிவம் ஒன்றை மட்டும், இங்கே வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன், பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள். போன தடவை அனுப்பியதில் உங்கள் கட்டைவிரல்தான் தெளிவாக இருந்தது.

விமானம் ஏறக்குறைய நாலு மணி நேரம். டிக்கெட் மலிவு என்பதால் உள்ளே தண்ணீருக்கும் காசு. இறங்கியதும் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் திருப்பி வையுங்கள். நீங்கள் இறங்கும் இடம் சிப்பாங். கோலாலம்பூர் விமான நிலையம் என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, ஊர் அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர். குடிநுழைவு மேசையில் உட்கார்ந்திருப்பவரிடம் நீங்கள் வேலை பார்த்த மில் கதையை ஆரம்பிக்க வேண்டாம். எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள், திரும்பும் டிக்கெட் எங்கே, இவ்வளவுதான் அவர்களுக்கு வேண்டும்.

இனிமேல்தான் கவனம். விமான நிலையத்தின் கீழ்த்தளத்திலேயே பஸ் நிலையம் இருக்கிறது. பினாங்கு என்று கேட்டால் இரண்டு விதமான பஸ்ஸைக் காட்டுவார்கள். ஒன்று ‘சுங்கை நிபோங்’ போகும். அது பாலத்தில் ஏறிக் கடலைத் தாண்டித் தீவுக்குள்ளேயே கொண்டுபோய் இறக்கிவிடும். இன்னொன்று ‘பட்டர்வொர்த்’ போகும். அது இக்கரையிலேயே நின்றுவிடும். கவுண்டரில் இருக்கிற பெண் உங்கள் வயதைப் பார்த்து இரக்கப்பட்டு, “அங்கள், சுங்கை நிபோங் தான் ஈசி லா” என்று சொல்லக்கூடும். அந்த இரக்கத்துக்கு மயங்காதீர்கள். பட்டர்வொர்த் என்று உறுதியாகச் சொல்லுங்கள்.

பஸ்ஸைப் பார்த்ததும் நீங்கள் பயந்துபோவீர்கள், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். ஒரு வரிசைக்கு மூன்றே இருக்கை. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் ஒன்று. மம்சாபுரம் டவுன் பஸ்ஸில் அந்த அகலத்தில் ஒரு குடும்பமும் அதன் கோழிக்கூடையும் உட்கார்ந்துவிடும். படிக்கட்டில் தொங்க ஆள் கிடையாது. பாட்டு கிடையாது. டிரைவர் ஹாரனைத் தொடுவதே இல்லை. எனக்கு முதலில் பஸ் ரிப்பேர் என்றே தோன்றியது. ஒரே கொடுமை ஏசி. பூமத்திய ரேகைக்குப் பக்கத்து நாட்டில் பஸ்ஸுக்குள் மட்டும் மார்கழி. மாமா, கொடைக்கானல் போனபோது வாங்கிய குரங்குக் குல்லாவை எடுத்துவாருங்கள். அத்தைக்குச் சால்வை. பெட்டியில் வைத்தால் அது பஸ் வயிற்றுக்குள் போய்விடும், கைப்பையில் வையுங்கள்.

ரிங்கிட் இருபது ரூபாய் சொச்சம். புதிதாக வருகிற எல்லோருக்கும் இங்கே ஒரு வியாதி வரும். எதைப் பார்த்தாலும் இருபதால் பெருக்குவது. எனக்கும் இருந்தது, இப்போது குறைந்திருக்கிறது. வழியில் பஸ் ஓய்விடத்தில் நிற்கும்போது தே தாரேக் குடியுங்கள். நம் ஊர் டீ மாஸ்டர் ஆற்றுவதைத்தான் இவர்கள் ஒரு முழம் கூட்டி ஆற்றுகிறார்கள். விலையைப் பெருக்கிப் பார்த்து, “இந்தக் காசுக்கு ராஜபாளையத்துல எட்டு டீ” என்று கணக்குச் சொல்வீர்கள். சொல்லுங்கள், ஆனால் குடித்துவிட்டுச் சொல்லுங்கள்.

பக்கத்து இருக்கையில் நிச்சயம் ஒரு தமிழர் இருப்பார். “பசியாறிட்டீங்களா?” என்று கேட்டால் காலைச் சாப்பாட்டைக் கேட்கிறார் என்று அர்த்தம். நீங்கள் வாயைத் திறந்ததுமே “ஊருக்காரவங்களா?” என்பார். இந்தியாவிலிருந்து வந்த எல்லோருமே அவர்களுக்கு ஊருக்காரர்கள்தான். “ராஜபாளையம் பக்கம்” என்றால் நாயைப் பற்றிக் கேட்பார். அந்த ஒரு நாய் இல்லாவிட்டால் நம் பக்கத்தை உலகத்துக்கே தெரியாது. ஸ்ரீவில்லிபுத்தூரைச் சொல்லிப் பாருங்கள். ஆண்டாளை அவர்களுக்குத் தெரியும், பால்கோவாதான் தெரியாது.

ஜன்னலுக்கு வெளியே மணிக்கணக்காகச் செம்பனை. ஒரு காலத்தில் இதில் பெரும்பகுதி ரப்பர். அந்த ரப்பரில் பால் வெட்டியவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள். இப்போது தோட்டங்களில் வேறு நாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள், நம்மவர்களின் பேரப்பிள்ளைகள் இதே பஸ்ஸில் காதில் ஒயரோடு தூங்குகிறார்கள். ஈப்போ வந்ததும் சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள் சாலையோரமே செங்குத்தாக நிற்கும். அதைத் தாண்டி மெனோரா சுரங்கம், கோலகங்சார், தைப்பிங். நம் வீட்டு மொட்டை மாடியிலிருந்து தெரிகிற மலையைப் பார்த்து வளர்ந்தவருக்கு இந்த மலைகள் பெரிய அதிசயம் இல்லை, ஆனாலும் அத்தையை எழுப்பிக் காட்டுங்கள். மொத்தத்தில் ஐந்தாறு மணி நேரம் ஆகும்.

பட்டர்வொர்த்தில் பஸ் நிற்கும் கட்டடம் பினாங்கு சென்ட்ரல். பஸ், ரயில், படகு மூன்றையும் ஒரே இடத்தில் சேர்த்து 2018-இல் திறந்தார்கள். படகுத்துறைக்கு நடைபாலம் இருக்கிறது, வெயிலில் அலைய வேண்டாம். தைப்பூச நேரத்தில் கூட்டம் இருக்கும். அப்போது முந்தாதீர்கள் மாமா, இதை மட்டும் விளையாட்டாகச் சொல்லவில்லை. 1988 ஜூலை 31-இல் இதே துறையின் பழைய கட்டடம், திருவிழாக் கூட்டம் தாங்காமல் இடிந்து விழுந்து 32 பேர் இறந்தார்கள். இங்கே வயதானவர்கள் அந்த நாளை இன்னும் சொல்கிறார்கள்.

படகு 1894-இல் தொடங்கிய சேவை. மலேசியாவிலேயே பழையது இதுதான். முன்பு இரண்டடுக்குப் பெரிய படகுகள் ஓடின. கார், லாரியெல்லாம் அதில் ஏறும். 2020 முடிவோடு அவற்றை நிறுத்திவிட்டார்கள். 2023 ஆகஸ்டிலிருந்து ஓடுவது புதுப் படகு, ஆட்களும் இரு சக்கர வண்டிகளும் மட்டும். கட்டணம் 2 ரிங்கிட். நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடை முதலாளி இந்தப் புதுப் படகை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. பழைய படகில் காற்று இருந்ததாம், இதில் ஏசி இருக்கிறதாம். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. கடலில் போகிறவனை எதற்குக் கண்ணாடிக்குள் அடைக்க வேண்டும்?

பல காலமாக இந்தப் படகில் ஒரு வழக்கம் இருந்தது. தீவுக்குப் போகத்தான் காசு, திரும்பி வர இலவசம். பாலத்திலும் அப்படித்தான், சுங்கம் தீவை நோக்கிப் போகிற வண்டிக்கு மட்டும். 1985-இல் திறந்த முதல் பாலம் 13.5 கிலோமீட்டர், 2014-இல் திறந்த இரண்டாவது 24 கிலோமீட்டர், இரண்டிலும் இதே கணக்கு. தீவுக்குள் போனவன் எப்படியும் திரும்பித்தானே ஆக வேண்டும், சேர்த்து வாங்கிக்கொள்வோம் என்று நினைத்திருப்பார்கள். நம் ஆட்களில் திரும்பாதவர்கள் எத்தனை பேர் என்று அவர்கள் கணக்குப் பார்க்கவில்லை.

உங்கள் பெரியப்பா ரஜூலா கப்பலில் வந்த கதையை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். நாகப்பட்டினத்தில் ஏறி, டெக்கில் படுத்து, பினாங்கு வந்து சேர சுமார் ஒரு வாரம் ஆனதாக. அந்தக் காலத்தில் வந்தவர்களை நேரே ஊருக்குள் விடமாட்டார்கள். அம்மை, காலரா பயத்தில் ஜெரெஜாக் என்ற பக்கத்துத் தீவில் தங்கவைத்துச் சோதித்த பிறகுதான் விடுவார்கள். உங்களை ஜெரெஜாக்கில் வைக்க ஆள் இல்லை, அதனால் அந்தக் குறையை நான் வீட்டில் தீர்த்துக்கொள்கிறேன். வந்த அன்றைக்கே ஊர் சுற்றக் கிடையாது.

படகில் இடது பக்கம் போய் நின்றுகொண்டு பார்த்துக்கொண்டே வாருங்கள். கால் மணி நேரம்கூட ஆகாது. ஜார்ஜ்டவுன் மெல்ல மெல்ல, கல்யாண வீட்டில் பந்தி விரிக்கிற மாதிரி, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு விரியும். முதலில் 68 மாடி கொம்தார் கோபுரம், பின்னால் பினாங்கு மலை, முன்னால் கரையோரம் மரக்கால் ஊன்றிக் கடலுக்குள்ளேயே வீடு கட்டி வாழும் சீனர்களின் துறைகள். பாலத்தில் போகிற பஸ்ஸில் இந்த முகப்பு கிடைக்காது. பின்வாசல் வழியாக வீட்டுக்குள் வருகிற விருந்தாளிக்கு என்ன தெரியும்?

இறங்கியதும் உங்களுக்கு ஒரு நல்ல சேதி, மாமா. ஊரில் டவுன் பஸ்ஸில் அத்தைக்கு இலவசம், உங்களுக்கு டிக்கெட். 2021-இலிருந்து நீங்கள் அதைச் சொல்லிச் சொல்லிப் புலம்புகிறீர்கள். இங்கே படகுத்துறையிலிருந்து ஊருக்குள் சுற்றும் ‘கேட்’ (CAT) பஸ்ஸில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இலவசம். ஜன்னலோரமாக உட்காருங்கள், யாரும் டிக்கெட் கேட்க மாட்டார்கள்.

லிட்டில் இந்தியா பக்கத்தில்தான். 1833-இல் எழுந்த மாரியம்மன் கோயில் இருக்கிறது. சற்றுத் தள்ளித் தமிழ் முஸ்லிம்கள் 1801-இல் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். தைப்பூசத்துக்கு முந்தின நாள் நகரத்தாரின் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் கிளம்பும். 1894-இல் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்த தேர், காளைகள் இழுக்கும். ஆடிப்பூரத் தேரைப் பார்த்தவர் நீங்கள், இதைக் கண்டதும் “இம்புட்டுத்தானா?” என்பீர்கள். எங்கள் முதலாளி காதுபட வேண்டாம். தண்ணீர்மலை முருகனுக்கு 513 படி. முழங்காலை இப்போதே தயார்செய்யுங்கள்.

வெற்றிலை விஷயம். இந்த மாநிலக் கொடியிலேயே பாக்கு மரம்தான் நிற்கிறது, ஆனால் தெருவில் துப்பினால் அபராதம். அபராதத்தை நீங்கள் இருபதால் பெருக்கிப் பார்க்கும்படி நேர வேண்டாம். ஒரு டப்பா கையில் இருக்கட்டும்.

கடைசியாக அத்தைக்கு. கறிவேப்பிலைக் கன்று, முருங்கைக் குச்சி, விதை, பழம் எதுவும் எடுத்துவராதீர்கள். அனுமதி இல்லாமல் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், மாமா அங்கேயே சண்டை போடுவார். கறிவேப்பிலை இங்கே எல்லா மார்க்கெட்டிலும் கிடைக்கிறது. அந்த இடத்தில் இட்லிப் பொடி வையுங்கள். டிக்கெட் போடும் முன் தேதியைச் சொல்லுங்கள், அன்றைக்கு விடுப்பு கேட்க வேண்டும். நான் தீவுப் பக்கத்துப் படகுத்துறை வாசலில் நிற்பேன். சுங்கை நிபோங்கில் போய் இறங்கினீர்கள் என்றால் அங்கே ஆள் இருக்காது.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்