ஆடாத கை தேவை

ஈப்போவில் ஒரு வங்கியின் நேர்மைக்குச் சிலையே வைக்கலாம். 1985-இல் பெரியப்பா போட்ட கையெழுத்து இன்றும் இம்மி பிசகக்கூடாதாம். நியாயம்தானே? அடுத்து அன்றைய தலைமுடியையும் கேட்கட்டும்.

பெரியப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். அது வந்தால் கை நடுங்கும், எழுத்து எறும்பாய்ச் சிறுக்கும். 1817-இல் இந்நோயை விவரித்த லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் வங்கியைக் கலந்தாலோசிக்காதது குற்றம்தான்.

"அங்கிள், கையெழுத்து சேரலை."

"தாளையும் என் தாளத்துக்கு ஆட்டும்மா, சேர்ந்துடும்."

மைலோ கலக்கக் கரண்டி தேடாத மனிதர். அவர் விழுங்கும் லெவோடோப்பா மருந்து பூனைக்காலி விதையிலும் உண்டு. ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில் மண் மூடப் படரவிடுவது அதன் உறவுக் கொடியைத்தான்.

கடைசியில் வங்கி மனமிரங்கி, பெருவிரல் ரேகை போதும் என்றது. முப்பது வருஷம் பால்மரம் சீவியதில் அது தேய்ந்து போயிருந்தது.