தினமும் குளிக்கும் கார்

பிரேக் டிஸ்க்கில் பிடிக்கும் துரு நம் கண்ணில் பட ஆரம்பித்ததே அலாய் வீல் வந்த பிறகுதான். முன்பு சக்கரத்தை ஒரு பிளாஸ்டிக் வீல் கப் மூடியிருக்கும். உள்ளே துரு பிடித்திருக்கிறதா, பல்லி முட்டையிட்டிருக்கிறதா என்பது மெக்கானிக்குக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும். இப்போது அலாய் வீலின் சந்துகள் வழியே டிஸ்க் ஊருக்கே தரிசனம் தருகிறது. ராத்திரி ஒரு மழை பெய்தால் போதும், காலையில் காவி உடுத்தி நிற்கும்.

ஓர் ஐப்பசிக் காலையில் அந்தத் தரிசனம் பெற்று ஆடிப்போனவர், திருவான்மியூரில் கடற்கரைக்கு நடந்தே போய்வரக்கூடிய தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. அடுக்ககத்தில் எல்லோருக்கும் அவர் ‘பேங்க் சார்’. வாங்கிப் பல வருடம் ஆகியும் அவர் காரின் கதவுப் பிடிகளில் கம்பெனி ஒட்டிய பிளாஸ்டிக் அப்படியே இருக்கிறது. கல்யாணம், ஏர்போர்ட், குலதெய்வம் கோயில் என்ற மூன்றுக்குத்தான் வண்டி வெளியே வரும். காய்கறி வாங்க ஷேர் ஆட்டோ, டாக்டரைப் பார்க்க மாநகரப் பேருந்து. “பெட்ரோல் விக்கிற விலைல சும்மா சும்மா எடுக்க முடியுமா?” என்பார். யாரும் மறுத்துப் பேசியதில்லை.

அன்று அவரை அதிகம் புண்படுத்தியது தன் காரின் துரு அல்ல. அதை ஒட்டி நின்ற கல்லூரிப் பையனின் பைக். அதே மழை, அதே காற்று, அதே பார்க்கிங். பைக்கின் டிஸ்க் மட்டும் வெள்ளித் தட்டு போல மின்னியது.

“அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அங்கிள்” என்றான் பையன்.

பையன் சொன்னது சரி. பைக் டிஸ்க்குகள் பெரும்பாலும் துருவேறா எஃகில் செய்யப்படுபவை. காருக்கும் அதையே போட்டால் என்ன என்று பேங்க் சார் கேட்டதும் நியாயம்தான். போடாததற்குக் காரணம் சூடு. பிரேக் என்பது ஓட்டத்தைச் சூடாக மாற்றும் சாதனம், வேறொன்றுமில்லை. 1,200 கிலோ எடையுள்ள கார் 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு முறை நின்றால், ஏறத்தாழ 3 லட்சம் ஜூல் வெப்பம் பிறக்கிறது; ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகக் காணும். அதில் பெரும்பகுதியை முன்சக்கர டிஸ்க்குகள் இரண்டும் சில விநாடிகளில் வாங்கிக்கொண்டு, காற்றில் கொட்டிவிட்டு, அடுத்த சிக்னலுக்குத் தயாராக வேண்டும். அந்த வேலையில் சாம்பல் நிற வார்ப்பிரும்பை மிஞ்ச ஆளில்லை. துருவேறா எஃகு அதில் பாதி வேகத்தில்தான் வெப்பத்தைக் கடத்தும். பைக் எடை குறைவு, டிஸ்க் முழுக்கக் காற்றில் நிற்கிறது, சமாளித்துவிடும்.

வார்ப்பிரும்பில் 3 முதல் 4 சதவீதம் வரை கரி உண்டு. அது இரும்புக்குள் கிராஃபைட் இதழ்களாகப் பரவிக் கிடக்கிறது. வெப்பத்தைக் கடத்துவதும், பிரேக் பிடிக்கும்போது எழும் அதிர்வை விழுங்குவதும் இந்த இதழ்கள்தான். ஆனால் ஈரம் பட்டதும் கட்சி மாறிவிடுகின்றன. கிராஃபைட் ஒரு முனையாகவும் இரும்பு மறுமுனையாகவும் டிஸ்க்கின் பரப்பெங்கும் நுண்ணிய மின்கலங்கள் உருவாகி, இரும்பு அரிபடத் தொடங்குகிறது. கடற்காற்றின் உப்பு அந்த ஈரத்தில் கரைந்தால் மின்னோட்டத்துக்கு ராஜபாட்டை. துருவுக்கு ஒரு ராத்திரி தாராளம்.

இந்தச் சங்கதியெல்லாம் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் எடுபடவில்லை. பேங்க் சார் படம் போட்டதும், டெல்லி மெஹ்ரௌலி இரும்புத் தூணின் படம் ஒன்று பதிலாக வந்து விழுந்தது: ‘1,600 வருடமாகத் துரு இல்லை! நம் முன்னோர்கள் முட்டாள்களா?’ இல்லைதான். அந்தத் தூணின் இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் மேற்பரப்பில் ஒரு காப்புப் படலம் உருவாகியிருக்கிறது என்று ஐஐடி கான்பூர் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஆனால் அந்தத் தூணை யாரும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றவிட்டு, இரண்டு பக்கமும் கட்டையைக் கொடுத்து அமுக்கி, அந்தப் படலத்தைச் சுரண்டி எடுத்ததில்லை. காப்புப் படலம் எதுவானாலும், பிரேக் டிஸ்க்கின் உரசும் பரப்பில் அதன் ஆயுள் முதல் சிக்னல் வரைக்கும்தான்.

இங்கேதான் டிஸ்க்கின் பரிதாபம். வீட்டு கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறோம். ஜன்னல் கம்பிக்கு ரெட் ஆக்சைடு பூசுகிறோம். சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடுகிறோம். டிஸ்க்குக்கு இது எதையும் செய்யக் கூடாது. சூடு தணியக் காற்று வேண்டும், ஆகவே மூடவும் கூடாது. இரும்பாகப் பிறந்து, வெயிலிலும் மழையிலும் வெற்றுடம்போடு நிற்க வேண்டும் என்று விதிக்கப்பட்ட பொருள் காரில் அது ஒன்றுதான்.

வீட்டம்மாவுக்கு இது பெரிய விஷயமாகவே தோன்றவில்லை. “ஏங்க, தோசைக்கல்லு துருப்பிடிச்சா நாம என்ன பண்றோம்? தேச்சுக் கழுவிட்டு நல்லெண்ணெய் தடவி வெக்கலியா?” பேங்க் சாருக்கு இது சட்டென்று பிடித்துப்போனது. நல்லெண்ணெய் காருக்கு மரியாதையாக இராது என்று மட்டும் பட்டதால், அலமாரியிலிருந்து நீலமும் மஞ்சளுமான டபிள்யூடி-40 டப்பாவை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். நல்லவேளை, அவர் கூப்பிட்டிருந்த மெக்கானிக் அதற்குள் வந்துவிட்டார்.

“சார் சார், அதை அடிச்சிராதீங்க! தோசை கல்லுல ஒட்டக் கூடாது, பேடு டிஸ்க்க புடிக்கணும். அடிச்சீங்கன்னா துரு போயிடும், பிரேக்கும் போயிடும்.”

டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் பேடுகளில் எண்ணெய் ஊறிவிட்டால், துடைத்துச் சரிசெய்ய முடியாது. புதுசு போட வேண்டியதுதான். டபிள்யூடி-40 மேல் தப்பில்லை. 1953-ல் அமெரிக்காவின் சான் டியேகோவில் அதைத் தயாரித்தவர்கள் ஈரத்தை விரட்டத்தான் தயாரித்தார்கள். அட்லஸ் ஏவுகணையின் வெளித்தகடு துருப்பிடிக்காமல் காக்கத்தான் அது முதலில் பயன்பட்டது. ஏவுகணைக்கு பிரேக் கிடையாது.

அந்த 1953 ஒரு விசேஷமான வருடம் போலிருக்கிறது. பிரெஞ்சு நாட்டு லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் ஜெயித்ததும் அந்த வருடம்தான். பர்மிங்ஹாமின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902-லேயே டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கியிருந்தாலும், உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது இந்த வெற்றிக்குப் பிறகுதான். அதே 1953 ஜனவரியில், அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். துருவை ஆராய்வது அங்கே முழுநேர வேலை; இந்தியாவில் எந்த ஊர்க் காற்று இரும்பை எவ்வளவு அரிக்கும் என்று தேசத்துக்கே வரைபடம் போட்டவர்கள் அவர்கள். கடற்கரைப் பக்கம் வீடு வாங்குகிறவர்கள் வாஸ்து பார்ப்பதோடு அதையும் ஒரு பார்வை பார்க்கலாம்.

திரும்பவும் பார்க்கிங்குக்கு. மெக்கானிக் குந்தி உட்கார்ந்து, அலாய் வீல் சந்தில் விரலை விட்டு டிஸ்க்கைத் தடவினார். விரல் நுனியில் மஞ்சள் கலந்த செந்தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. நகத்தால் கீறினார், அடியில் பளிச்சென்று கோடு தெரிந்தது.

“இது ஒண்ணுமே இல்ல சார். மேலாப்ல இருக்கு. தெரு முனை போறதுக்குள்ள போயிடும். எனக்கு இது கவலை இல்ல, நீங்க ஹேண்ட் பிரேக் போட்டு வெச்சிருக்கீங்களே, அதான் கவலை.”

வண்டியை ஸ்டார்ட் செய்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, முதல் கியரில் மெல்ல கிளட்சை விட்டார். கார் மூக்கைத் தூக்கியதே தவிர நகரவில்லை. பேங்க் சார் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ரிவர்ஸ் போட்டார். பின்னாலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம். கார் விடுபட்டது.

நம் ஊர்ச் சிறிய கார்கள் பலவற்றில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். ஹேண்ட் பிரேக் பின்சக்கர டிரம்மைத்தான் பிடிக்கும். வாரக்கணக்கில் அப்படியே இறுக்கி வைத்தால் உள்ளே இருக்கும் லைனர் டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். முன்னாலும் இதே கதைதான்: பேடு டிஸ்க்கைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் தங்கி, பேடின் அச்சு டிஸ்க்கில் தடமாக விழும். ஆக்சிலரேட்டரை மிதித்து வீரம் காட்டினால் லைனர் பெயர்ந்து வர வாய்ப்புண்டு. முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பார்ப்பது, அதற்கும் மசியாவிட்டால் சக்கரத்தைக் கழற்றி டிரம்மைச் சுத்தியலால் பதமாகத் தட்டுவது. மெக்கானிக்குகள் செய்வது அவ்வளவே. நீண்ட நாள் நிறுத்துவதானால் ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, கியரில் போட்டு, சக்கரத்துக்கு அண்டை கொடுக்க வேண்டும். ஒரு செங்கல் போதும்.

2020 மார்ச் 25-ல் நாடே வீட்டுக்குள் அடைபட்டபோது கார் கம்பெனிகளும் இதே செங்கல் வைத்தியத்தைத்தான் நாகரிகமான மொழியில் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தன. அந்த ஊரடங்கு தளர்ந்த நாட்களில் தெருத்தெருவாகக் கார்கள் கரகரவென்று கனைத்துக்கொண்டு கிளம்பியது பலருக்கு நினைவிருக்கும்.

“வண்டி நிக்கிறதால துரு, சரி. ஆனா மழை உள்ள வராதே தம்பி, மேல கூரை இருக்கே” என்றார் பேங்க் சார்.

மெக்கானிக் பதில் சொல்லாமல் வாட்ச்மேனைப் பார்த்தார். வாட்ச்மேன் கையில் பக்கெட். மாதச் சம்பளத்துக்கு மேல் தனியாகக் காசு வாங்கிக்கொண்டு, தினமும் விடியற்காலை ஐந்தரை மணிக்கு அவர்தான் காரைத் துடைக்கிறார். கண்ணாடியும் பானெட்டும் ஈரத்துணியில் முடிந்துவிடும். கடைசியாக மிச்சத் தண்ணீரைச் சக்கரத்துக்கு ஒன்றாக வீசி ஊற்றினால்தான் அவருக்கு வேலை முடிந்த திருப்தி. அதற்கு மேல் பேங்க் சார் தன் கையாலேயே பிளாஸ்டிக் கவரைப் போட்டு, காற்றுக்குக்கூட வழியில்லாமல் கீழே கயிறு கட்டுவார். ஆக, கார் ஓடுவதில்லை. ஆனால் தினமும் குளிக்கிறது, குளித்த ஈரத்தோடு போர்வைக்குள் நிற்கிறது. ஓடும் காரும் நனையத்தான் செய்யும். ஆனால் அது இரண்டு தடவை பிரேக் பிடித்தால் டிஸ்க் சூடாகி ஈரம் பறந்துவிடும். தெருவில் நாய் தூங்க, புழுதியோடு நிற்கும் கால் டாக்ஸியின் டிஸ்க் பளபளப்பதும், இங்கே தினப்படி அபிஷேகம் நடக்கும் காரின் டிஸ்க் சிவப்பதும் இதனால்தான். காரை அதிகமாக நேசிப்பவர்களின் டிஸ்க்குகளே முதலில் துருப்பிடிக்கின்றன என்பது எந்த மெக்கானிக்கும் ஒப்புக்கொள்ளும் விஷயம்.

கவலைப்பட வேண்டிய துருவும் உண்டு. ஓட்டிய பிறகும் கோடு கோடாகத் தங்கினால், விளிம்பில் பொறுக்கு தட்டி உதிர்ந்தால், நகம் மாட்டுமளவு குழி விழுந்தால், பிரேக் மிதிக்கும்போது காலுக்கடியில் பெடல் உதறினால், கழற்றிப் பார்க்க வேண்டும். லேசான சேதத்துக்கு லேத்தில் கொடுத்து ஸ்கிம்மிங் செய்யலாம். ஆனால் டிஸ்க்கின் ஓரத்தில் அதன் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். புதிதில் 22 மில்லிமீட்டர் என்றால் குறைந்தபட்சம் 20 என்பது போல, விளையாட்டுக்கு இருப்பது இரண்டே மில்லிமீட்டர். அதற்கும் கீழே இறங்கிவிட்டால் ஜோடியாக மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புதுசு போட்டு மிச்சம் பிடித்தால், பிரேக் பிடிக்கையில் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

பேங்க் சாருக்கு எழுதிக்கொடுக்கப்பட்ட மருந்து: வாரத்துக்கு ஒரு தரம், அரை மணி நேரம். சும்மா ஓட்டினால் போதாது. நடுவில் அறுபதுக்குக் கொண்டுபோய், இருபதுக்கு வரும்வரை திடமாக பிரேக் பிடிக்க வேண்டும். பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, ஏழெட்டுத் தடவை.

ஞாயிறு விடியலில் பேங்க் சார் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்கினார். முதல் பிரேக்கில் உப்புத்தாள் உரசும் சத்தம். நாலாவதில் சத்தம் அடங்கியது. ஆறாவதில், எங்கிருந்தோ பின்னால் வந்து சேர்ந்த ஆட்டோக்காரர் பக்கவாட்டில் வந்து, “பெரிசு, காலியா கெடக்கிற ரோட்ல எதுக்குய்யா பிரேக்கு?” என்று கேட்டதில் நியாயம் இருந்தது. உத்தண்டி டோல் கேட் கண்ணில் பட்டதும் பேங்க் சார் யூ டர்ன் அடித்தார். அதற்கு அந்தப் பக்கமும் இரும்பு இதே இரும்புதான், காசு மட்டும் கூடுதல்.

இந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டிலிருக்கும் மகன் போனில் வந்தான். “எலெக்ட்ரிக் வாங்கிடுங்கப்பா, இந்தத் தொல்லையே இருக்காது.” உண்மையில் அங்கே தொல்லை அதிகம். எலெக்ட்ரிக் கார் வேகம் குறையும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்பிவிடும். டிஸ்க்குக்கு அதிக வேலை கிடையாது. வேலை இல்லாத டிஸ்க் துருப்பிடிக்கும். ஃபோக்ஸ்வாகன் தன் ஐடி.3, ஐடி.4 கார்களில் பின்சக்கரங்களுக்குப் பழையபடி மூடிய டிரம் பிரேக்கையே பொருத்தியதற்கு இது முக்கியமான காரணம்.

மகன் அதற்கும் வழி வைத்திருந்தான். “கிலோமீட்டருக்கு ஒரு ரூபாதாம்பா ஆகும். தினம் எடுத்து ஓட்டுங்க. பெட்ரோல் கவலையே இல்ல.”

பேங்க் சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு குரலைத் தணித்துச் சொன்னார்: “புது வண்டிடா. தினம் ரோட்ல எடுத்தா எவனாவது கோடு போட்டுருவான்.”