கைலியில் ஒரு ஜூலை 14

பிரான்சின் தேசியத் திருநாளான ஜூலை 14ஆம் தேதி விடியற்காலையிலேயே ஷான்செலிசே சாலையோரம் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கூட்டத்தில் பாரிஸ்காரரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். வெளிநாட்டார் இருப்பார்கள். வெளியூரார் இருப்பார்கள். அணிவகுப்பில் நடக்கப்போகும் பையனைப் பெற்றவர்கள் இருப்பார்கள். பாரிஸ்காரர் அந்நேரம் தூங்கிக்கொண்டிருப்பார். சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள், அது கொள்கை. தேசியத் திருநாளன்று பட்டாள வாத்தியத்துக்கு அசையாமல் படுக்கையிலேயே கிடப்பவனைப் பற்றிப் பாடகர் ஜோர்ஜ் பிராசென்ஸ் 1952இலேயே ஒரு பாட்டுப் பாடி வைத்துவிட்டார். தூக்கத்துக்கு இலக்கிய ஆதாரம் காட்டுகிற ஜனங்களிடம் நாம் என்ன பேச முடியும்?

கொள்கை பாதிதான். மீதிப் பாதிக்குக் காரணம் முந்தின இரவு. அதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு இந்த ஞானத்தை ஊட்டியவர் மாமா. அக்காவின் வீட்டுக்காரர், புதுச்சேரிக்காரர். 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்கிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். மாமாவின் அப்பா எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு கையெழுத்தின் பலனாக மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, புதுச்சேரியில் சொல்வதுபோல் 'சொல்தா' ஆகி, பென்ஷனும் வாங்கி, இப்போது பாரிசுக்கு வடக்கே சார்செலில் ஒரு மாடி வீட்டு பால்கனியில் மணத்தக்காளி வளர்க்கிறார். பட்டாளத்தில் அவருக்கு ஸ்டோர் வேலை. துப்பாக்கி தொட்ட நாளைவிடக் கம்பளி எண்ணிய நாள்தான் அதிகம் என்பாள் அக்கா. மாமா மறுப்பதில்லை. "கம்பளி இல்லாம எவன் சண்டை போடுவான்?" என்று கேட்பார்.

அணிவகுப்பை நேரில் பார்க்க வேண்டும் என்று நான் ஆசையாகச் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு பரிதாபம் படர்ந்தது.

"எதுக்கு மாப்ளே? அங்க போனா முன்னாடி நிக்கிறவன் முதுகு தெரியும். டி.வி.ல பார்த்தா ஜனாதிபதி கொட்டாவி விடறது வரைக்கும் தெரியும்."

"இவ்வளவு தூரம் வந்துட்டு டி.வி.யிலயா பார்க்கறது?"

"இவ்வளவு தூரம் வந்தது உள்ளூர்க்காரனாட்டம் இருக்கறதுக்கா, வெளியூர்க்காரனாட்டம் நிக்கறதுக்கா?"

இதற்குப் பதில் கிடையாது. நான் உள்ளூர்க்காரனாகச் சம்மதித்தேன்.

உள்ளூர்க்காரனின் முதல் கடமை 13ஆம் தேதி ரொட்டி வாங்குவது. மறுநாள் பாதிக் கடைகள் மூடியிருக்கும். 1789 புரட்சியில் ஜனங்கள் தெருவுக்கு வந்ததற்கு ரொட்டி விலையும் ஒரு பெரிய காரணம். அந்தப் பயம் அரசாங்கத்தை லேசில் விடவில்லை. பாரிஸ் ரொட்டிக்கடைக்காரர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் கடையை மூடிவிட்டுப் போய்விடக்கூடாது என்று கோடை விடுமுறைக்கு முறை வைத்து அனுமதி தரும் வழக்கம் 2014 வரை நீடித்தது. அப்புறம்தான் அவரவர் இஷ்டம் என்று விட்டார்கள். இஷ்டம் என்றால் என்ன ஆகும் என்பதை 13ஆம் தேதி மாலை எங்கள் முனைக்கடை வரிசையில் பார்த்தேன். ஒருவரும் ஒற்றை பகெத் வாங்கவில்லை. விறகுக் கட்டுபோல அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார்கள்.

இனி முந்தின இரவு. பிரான்சில் ஜூலை 13 இரவும் 14 இரவும் தீயணைப்பு நிலையங்களில் நடன விருந்து நடக்கும். நான் கதை விடவில்லை. வண்டிகளை ஓரங்கட்டிவிட்டு, முற்றத்தில் விளக்குத் தோரணம் கட்டி, ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்தால் விடியற்காலை நாலு மணி வரை ஊர் ஆடும். 1937இல் மோன்மார்த்ர் தீயணைப்பு நிலையத்தில் தொடங்கியது என்கிறார்கள். இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1810 ஜூலையில், நெப்போலியன் கல்யாணத்தைக் கொண்டாட ஆஸ்திரியத் தூதர் பாரிசில் ஒரு நடன விருந்து வைத்தார். பந்தலில் தீப்பிடித்துப் பலர் செத்துப்போனார்கள். அணைக்க வந்தவர்களின் லட்சணத்தைப் பார்த்த நெப்போலியன் அடுத்த வருஷமே தீயணைப்பைப் பட்டாளத்தின் கையில் கொடுத்தார். பாரிஸ் தீயணைப்புக்காரர்கள் இன்றுவரை ராணுவத்தார்தான். நடன விருந்தில் பிடித்த தீயால் பிறந்த படை, நடன விருந்து நடத்திக் காசு சேர்க்கிறது. சரித்திரத்துக்கு நகைச்சுவை உணர்வு கிடையாது என்று எவரும் சொல்லவேண்டாம்.

அக்கா மகள்தான் கூட்டிக்கொண்டு போனாள். அக்கா, "இந்த வயசுல என்னடா உனக்கு ஆட்டம்?" என்று சொல்லிக்கொண்டே எனக்கு முன்னால் செருப்பு மாட்டினாள். வரிசை தெருமுனை வரை நின்றது. வரிசையில் இளம்பெண்கள் தொகை அதிகம். காரணத்தை உள்ளே போனதும் கண்டேன். நாள் தவறாமல் உடற்பயிற்சி செய்கிற பையன்கள் இறுக்கமான பனியனில் பீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒரு மரப்பீப்பாய், அதில் அவரவர் மனசுபோலக் காசு போடலாம். பீப்பாய்க்கு அருகே நின்றவர் சிரித்த சிரிப்புக்குச் சில்லறை போட மனசு வராது. நோட்டுத்தான் வந்தது.

ஆட்டத்தில் வயது வித்தியாசம் பார்ப்பதில்லை. அக்கார்டியன் ஓய்ந்து இரைச்சல் பாட்டு ஆரம்பித்ததும், முத்துமாலை போட்ட ஒரு பாட்டியம்மாள் என் கையைப் பிடித்து நடுவில் இழுத்துப் போட்டுவிட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் தெரு அம்மன் ஊர்வலத்தில் ஆடியது. அதையே ஆடினேன். சுற்றியிருந்தவர்கள் வட்டம் விட்டுக் கைதட்டினார்கள். பாட்டியம்மாள் இரண்டாவது அடியிலேயே அதைப் பிடித்துக்கொண்டார். திடீரென்று பக்கவாட்டுக் கதவு திறந்தது. அன்று முறைக்காரர்களாக உள்ளே தனியே உட்கார்ந்திருந்த நாலைந்து பேர் தொப்பியை மாட்டிக்கொண்டே வண்டியில் ஏற, அது நீல விளக்கோடு தெருவில் பாய்ந்தது. கூட்டம் ஒரு நிமிஷம் வழிவிட்டுக் கைதட்டியது. பிறகு மறுபடி ஆட்டம். அக்கா கடைசி வரை கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி ஆடினாள்.

மறுநாள் காலையில் எழுந்திருப்பது எப்படி? கொள்கைக்கு முழு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது.

ஆனால் மாமா எழுந்துவிட்டார். கைலியும் கை பனியனுமாக, டிகிரி காப்பியோடு டி.வி. முன்னால் ஆஜர். ஒன்பது விமானங்கள் நீலம், வெள்ளை, சிவப்புப் புகை விட்டுக்கொண்டு வெற்றி வளைவுக்கு மேலாக வந்தபோது நான் ஆகா என்றேன். மாமாவின் கண் புகையின் வரிசையை எண்ணிக்கொண்டிருந்தது. 2018இல் ஒரு விமானம் நீலம் விடவேண்டிய இடத்தில் சிவப்பை விட்டுவிட்டது. அதே அணிவகுப்பில் இரண்டு மோட்டார் சைக்கிள் போலீஸார் ஜனாதிபதிக்கு எதிரிலேயே முட்டிக்கொண்டு விழுந்தார்கள். அந்த வருஷம்தான் மாமாவுக்கு மிகவும் பிடித்த வருஷம். பிரெஞ்சுக்காரர்கள் பிழை தேடித்தான் அணிவகுப்பைப் பார்க்கிறார்கள். பிழையில்லாமல் முடிந்தால் அடுத்தபடியாக வரிப்பணக் கணக்குக்குப் போவார்கள்.

மாமாவுக்குக் கஷ்டம் கொடுத்த வருஷங்களும் உண்டு. 2009இலும் 2023இலும் இந்தியப் பிரதமர்கள் விருந்தினராக வந்தார்கள், இந்தியப் படையும் அணிவகுத்தது. 2023இல் மட்டும் 269 பேர். இந்தக் கொடிக்கு ஒரு தடவை, அந்தக் கொடிக்கு ஒரு தடவை என்று எழுந்து நின்றதில் முழங்கால் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் தைலம் தேய்த்தாராம். "ரெண்டு தேசபக்தி ஒரு மூட்டு தாங்காது மாப்ளே" என்றார்.

நடந்து வருகிறவர்களில் கடைசியாக, பிற நாட்டாரைச் சேர்த்துக்கொள்ளும் பிரெஞ்சுப் பட்டாளத்து அயல்நாட்டார் படை வந்தது. மற்றவர்கள் நிமிஷத்துக்கு 120 அடி நடந்தால் இவர்கள் 88 அடிதான் நடப்பார்கள். முன்வரிசையில் நீண்ட தாடியும் தோல் ஏப்ரனும் தோளில் கோடாலியுமாகச் சிலர். மேடைக்கு முன்னால் மற்றப் படைகள் இடமும் வலமுமாகப் பிரிந்து போகும். இவர்கள் பிரியமாட்டார்கள். அதுவரை குறை சொல்லிக்கொண்டிருந்த மாமா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்தார். கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு அட்டென்ஷனில் நின்றார். வெளிநாட்டில் பிறந்து இந்த நாட்டுக்குக் கம்பளி எண்ணியவருக்கு அந்தப் படையோடு ஏதோ உறவு இருக்கத்தான் செய்யும். புதுச்சேரி கடற்கரைச் சாலையிலும் இதே நாளில் இவருடைய சகாக்கள் மெடல் குத்திக்கொண்டு போர் நினைவுச் சின்னத்துக்கு மாலை வைத்துக்கொண்டிருப்பார்கள்.

படை மறைந்ததும் உட்கார்ந்தார். "எவ்வளவு செலவு பாரு, எல்லாம் நம்ம வரிப்பணம்" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

மத்தியானச் சாப்பாடு ஒரு மணிக்கு ஆரம்பித்து நாலரைக்கு முடிந்தது. எதிர் வீட்டு மதாம் ஆப்ரிகாட் பணியாரம் ஒன்றோடு வந்தார். அக்காவின் ஆட்டுக்கறிக் குழம்பை பகெத்தில் தோய்த்துச் சாப்பிட்டபடியே வெயில், ஜனாதிபதி, முந்தின இரவுப் பட்டாசுச் சத்தம், ரயில் தாமதம் என்று வரிசையாகப் புலம்பினார். மாமா ஒவ்வொன்றுக்கும் ஆமாம் போட்டுத் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார். நான் மட்டும் எல்லாம் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவைத்தேன். மதாம் என்னைப் பார்த்துக் கனிவாகக் கேட்டார்: "எப்போ ஊருக்குத் திரும்பறீங்க?"

மாலையில், 1789இல் இதே நாளில் ஜனங்கள் கைப்பற்றிய பாஸ்தி சிறை இருந்த இடத்தைப் பார்க்கலாம் என்றேன். "அங்க பார்க்க ஒண்ணுமே இல்ல மாமா" என்றாள் அக்கா மகள். நிஜம்தான். சதுக்கத்தின் நடுவில் உச்சியில் தங்கத் தேவனோடு ஒரு பெரிய தூண் நிற்கிறது. அதன் முன் நின்று படமெடுத்துக்கொண்ட பயணிகள் ஒருவருக்கும் தெரியாது, அது 1789க்கானது அல்ல என்று. 1830இல் நடந்த வேறொரு புரட்சிக்கு வைத்த தூண் அது. புரட்சிகள் அவ்வளவு சல்லிசான ஊர். சிறையைப் பலோய் என்ற ஒரு காண்ட்ராக்டர் இடித்துத் தள்ளினார். கல்லைச் சும்மா விடுவாரா காண்ட்ராக்டர்? சிறையின் குட்டி உருவங்களாகச் செதுக்கி ஊர் ஊராக அனுப்பினார். கொஞ்சம் கல் கொன்கோர்த் பாலத்துக்குப் போயிற்று. சிறைச் சாவியைப் பிரெஞ்சுத் தளபதி லாஃபயெத் அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டனுக்கு அனுப்பிவிட்டார். அது இன்னும் வாஷிங்டன் வீட்டில்தான் இருக்கிறது. மெட்ரோ 5ஆம் வழித்தடத்தின் பிளாட்பாரத்தில் அடிச்சுவர்க் கற்கள் கொஞ்சம் மிச்சம் உண்டு, ரயிலுக்குக் காத்திருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

1789 ஜூலை 14 அன்று சிறையில் இருந்தவர்கள் ஏழே ஏழு பேர். கள்ளக் கையெழுத்துக்காரர் நாலு பேர், சித்தம் கலங்கியவர் இரண்டு பேர், சொந்தக் குடும்பமே தள்ளிவைத்த ஒரு பிரபு. கூட்டம் தேடிப் போனது முக்கியமாக வெடிமருந்தை. அன்றைக்கு ராஜா பதினாறாம் லூயி தன் டைரியில் 'ஒன்றுமில்லை' என்று எழுதினார். வேட்டையில் ஒன்றும் மாட்டவில்லை என்று பொருள். 1880இல் இந்த நாளைத் தேசியத் திருநாளாக்கிச் சட்டம் போட்டவர்கள் சாமர்த்தியசாலிகள். ஜூலை 14 என்று எழுதினார்களே தவிர, எந்த வருஷத்து ஜூலை 14 என்று எழுதவில்லை. தலை உருண்ட 1789ஐ விரும்பாதவர்கள், ராஜாவும் ஜனங்களும் மழையில் நனைந்தபடி ஒற்றுமைப் பிரமாணம் எடுத்த 1790ஐ நினைத்துக்கொள்ளலாம். நம் கூட்டணிக் கட்சிகள் இதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரவு வாணவேடிக்கைக்கு ஈஃபல் கோபுரத்தடிக்குப் போவதும் வெளியூர்க்காரர் வேலைதானாம். மத்தியானமே போய் இடம் பிடிக்கவேண்டும், பையைச் சோதிப்பார்கள், சுற்றியுள்ள மெட்ரோ நிலையங்களை மூடிவிடுவார்கள். நாங்கள் பெல்வில் பூங்கா மேட்டுக்குப் போனோம். அங்கிருந்து ஊரே தெரியும், கோபுரம் விரல் நீளம் தெரியும். விரிப்பு, ஒயின், மிச்ச பகெத், ஒரு டப்பா நிறைய அக்கா சுட்ட வாழைக்காய் பஜ்ஜி. பக்கத்து விரிப்புக்காரர்கள் பாலாடைக்கட்டி கொடுத்துப் பஜ்ஜி வாங்கிக்கொண்டார்கள். அந்த ஊர்ச் சூரியன் ஜூலையில் பத்து மணிவாக்கில்தான் மறைகிறது. பதினோரு மணிக்குத்தான் முதல் வாணம். அதுவரை பசி, கொட்டாவி, கொசு. பிறகு அரைமணி நேரம் வானத்தில் அவர்கள் செய்த காரியத்துக்குக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவர் மட்டும், போன வருஷம் இதைவிட நன்றாக இருந்தது என்றார். சுற்றியிருந்த உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் ஆமோதித்தார்கள். நானும் தலையாட்டினேன். போன வருஷம் நான் விழுப்புரத்தில் இருந்தேன்.

இதைப் படித்துவிட்டுக் கிளம்ப நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜூலை 14 செவ்வாயில் வந்தால் திங்களையும், வியாழனில் வந்தால் வெள்ளியையும் சேர்த்து லீவு போட்டுக்கொள்வது அங்கே வழக்கம். பாலம் போடுவது என்பார்கள், பொதுப்பணித்துறை தயவில்லாமல் எழும்பும் பாலம். ரிடையரான மாமாவும் தவறாமல் பாலம் போடுவார். அன்று கடைகண்ணிக்குப் போகச் சொன்னால் லீவு என்பார். புதன்கிழமை வந்தால் பாலத்துக்கு வழியே இல்லை, நாடு முழுக்க ஒரே புலம்பல். 2027இல் புதன்கிழமைதான் வருகிறது. உள்ளூர்க்காரர் போலக் கொண்டாட ஆசை இருந்தால் அந்த வருஷத்துக்கு டிக்கெட் போடுங்கள்.