கரையைச் சொல்லுங்கள், தோணியைச் சொல்கிறேன்

டொரான்டோவில் மகன் வீட்டில் இருக்கிறேன். பேரன், மரமும் கான்வாஸும் சேர்த்துக் கையால் செய்த கனூ வாங்கப்போகிறானாம். "எதுக்குல அது? குளச்சல்ல இருந்து ஒரு கட்டுமரம் வரவழைப்போம்" என்கிறேன் நான். தீர்ப்பு சொல்லுங்கள்.
— ஒரு நாகர்கோவில்காரர், டொரான்டோ

பேரன் கட்சிக்கே வெற்றி. கட்டுமரம் பிறந்தது திறந்த கடற்கரைக்காக. அலை ஏறி வரும், தடிகளுக்கு இடையில் புகும், வந்த வழியே இறங்கிப் போகும். மேலே இருப்பவர் எப்போதும் நனைந்துதான் இருப்பார். நம் கடலில் அது சுகம். ஒன்டாரியோ மாகாணத்து ஏரிகளில் காய்ச்சல். அங்கே ஓர் ஏரி முடிந்தால் அடுத்த ஏரிக்குத் தோணியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். பதினாறு அடிக் கனூ சுமார் 35 கிலோ. ஒருவரே கவிழ்த்துத் தோளில் போட்டுப் போய்விடலாம்.

வாங்கும்போது பேரன் முதலில் பார்க்க வேண்டியது உள்பக்கம். லேசான சீடர் மரத்தை ஆவியில் வேகவைத்து, அச்சின் மேல் வளைத்து, விலா எலும்புகளாக்கி, அதன் மேல் மெல்லிய பலகைகளை ஆணியடித்திருப்பார்கள். அச்சில் இரும்புப் பட்டை இருப்பதால் ஆணியின் முனை அதில் முட்டித் திரும்பி மரத்துக்குள்ளேயே மடிந்துகொள்ளும். அருமையான யோசனை! விலாக்களில் விரிசல் உண்டா என்று கைவைத்துத் தடவச் சொல்லுங்கள். இரண்டு நுனிகளையும் அழுத்திப் பார்க்கட்டும். தண்ணீர் தங்கி முதலில் உளுப்பது அங்கேதான். வெளியே இழுத்துப் போர்த்தி, பூச்சு தேய்த்து, வாரக்கணக்கில் உலர்த்தி, பெயின்ட் அடித்த கான்வாஸ் கிழிந்திருந்தால் கவலை வேண்டாம். அதை உரித்துப் புதிது போர்த்தலாம். ஃபிரடெரிக்டன் நகரின் செஸ்ட்நட் கம்பெனி 1970களின் கடைசியில் மூடப்பட்டது. அது செய்த கனூக்கள் இன்றும் ஏரிகளில் ஓடுவது இந்தத் தோல் மாற்றும் வசதியால்தான். பீட்டர்பரோவில் கனூவுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பேரனோடு நீங்களும் போங்கள். காசு கொடுக்கும் முன் நாலு தோணியைத் தொட்டுப் பார்த்த கை வேண்டும்.

கட்டுமரத்தில் ஓட்டை விழுந்தால் என்ன செய்வது?
— பள்ளி மாணவி, தக்கலை

ஒன்றும் செய்ய வேண்டாம். வள்ளம் மிதப்பது உள்ளே இருக்கும் வெற்றிடத்தால். அதில் தண்ணீர் நிறைந்தால் ஆபத்து. கட்டுமரம் மிதப்பது மரத்தின் லேசால். அதற்கு உள்பக்கம் என்ற ஒன்றே கிடையாது, ஓட்டை எங்கே விழும்?

அப்பாவின் மரம் தேய்ந்துபோயிற்று. ஃபைபர் படகு வாங்கு என்கிறார்கள். எனக்குக் கட்டுமரம்தான் வேண்டும். எந்தத் தடி எடுப்பது?
— ஒரு வாசகர், முட்டம்

உங்கள் ஆசைக்கு ஒரு கும்பிடு. அல்பீசியா கிடைத்தால் எடுங்கள். மலைவேம்பும் இந்த வேலைக்குப் பழகிய மரம். இரண்டுக்கும் குணம் ஒன்று: லேசு. லேசான மரம் தண்ணீரையும் சீக்கிரம் குடிக்கும். அதனால்தான் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துத் தடிகளைத் தனித்தனியாகக் காயப்போடும் வழக்கம் சோழமண்டலக் கரையில் இருந்தது. காயப்போட இடமும், தூக்க நாலு கையும் உங்களுக்கு உண்டா என்று முதலில் பாருங்கள். தூண்டில் வளைவு என்ற கற்சுவர் வந்து, கடலரிப்பு வந்து, மணலே இல்லாமல் போன ஊர்களில் கட்டுமரம் வைத்திருப்பவர் படும் பாடு கொஞ்சமல்ல. மணல் இருக்கிறதென்றால் தயங்காதீர்கள்.

ஃபைபரை நான் குறை சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறிய பிறகு, குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் எல்லாம் இழந்து நின்றவர்களுக்கு உடனே தொழிலுக்குப் போக ஒரு படகு தேவைப்பட்டது. நன்கொடையாக வந்ததில் பெரும்பகுதி ஃபைபர். அவர்கள் வேறென்ன செய்திருக்க முடியும்? ஆனால் அதோடு தடி செதுக்கும் கைகளும் குறைந்தன. அது எனக்குத் தாங்கவில்லை. நீங்கள் ஒரு மரம் கட்டச் சொன்னால் தோணி கட்டும் ஓர் ஓடாவிக்கு வேலை. பக்கத்தில் நின்று பார்க்கும் பையனுக்குப் படிப்பு.

வள்ளத்துக்கு அயினியா, மாவா, பிளைவுட்டா?
— ஒரு வாசகர், தேங்காய்ப்பட்டணம்

அயினி கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அயினி. மா மலிவு, ஆயுள் குறைவு. ஆனால் ஒற்றைத் தடியில் குடையும் அளவுக்குப் பெருத்த மரம் இன்று எங்கே நிற்கிறது? அந்தத் தட்டுப்பாடு புதிதல்ல. அதற்கு வழி தேடிய இடம் நம் முட்டம்தான். கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் படகு கட்டும் மையத்தில், பெல்ஜியப் பொறியாளர் பியேர் ஜிலேவும் உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து, பிளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் கண்ணாடியிழைத் துணியும் பிசினும் பூசிப் படகு கட்டிப் பார்த்தார்கள். தவறிய மாதிரிகளையும் தேறியவற்றையும் ஜிலே 1985இல் ஒரு நூலாகவே எழுதினார். கயிற்றால் பலகை தைத்த கட்டு வள்ளக்காரருக்கு இந்தத் தையல் அந்நியமாகத் தோன்றியிருக்காது. மரத்துக்கு மேல் துணி போர்த்துவதில் கனடாக்காரருக்கும் முட்டத்துக்காரருக்கும் ஒரே புத்தி!

பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் மட்டுமே. வீட்டு அலமாரிக்கு வாங்குவதைக் கொண்டுவந்து "இதுவும் அதுதான் அண்ணே" என்று எவராவது சொன்னால் திருப்பி அனுப்புங்கள். அறுத்த விளிம்புகள் ஒவ்வொன்றும் பிசினால் அடைபட்டிருக்க வேண்டும். பிளைவுட் தண்ணீர் குடிப்பது விளிம்பு வழியாகத்தான்.

பழைய வள்ளம் ஒன்று விலைக்கு வருகிறது. காயலில் துழாவ மட்டும். எப்படிச் சோதிப்பது?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், மணக்குடி

வெயிலில் காயும் தோணியைப் பார்த்துவிட்டு விலை பேசாதீர்கள். தண்ணீரில் இறக்கி ஓர் இரவு விடச் சொல்லுங்கள். காலையில் உள்ளே நிற்கும் தண்ணீரே பதில் சொல்லும். தையல் வள்ளமென்றால் கயிற்றை நகத்தால் நிமிண்டுங்கள். பொடியாக உதிர்ந்தால் மறுதையலுக்கு ஆகும் செலவை விலையில் கழியுங்கள். கயிறு நைவது இயல்பு, அவ்வப்போது பிரித்துத் தைக்க வேண்டியதுதான். அடிப்பலகை நைந்திருந்தால் வேண்டாம். கத்தி முனை சுலபமாக இறங்குகிறதா என்று முன்நுனியான அணியத்திலும் பின்தலையிலும் குத்திப் பாருங்கள். வாங்கிய பிறகு மீன் நெய்யோ முந்திரி ஓட்டு எண்ணெயோ பூசுங்கள். இரண்டாவதற்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை, அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி ஆலை இல்லாத பக்கம் எது? பூசும்போது கையுறை போடுங்கள், அந்த முந்திரி எண்ணெய் தோலைப் புண்ணாக்கிவிடும்.

எங்கள் ரிசார்ட் புல்தரையில் அழகுக்கு ஒரு கட்டுமரம் வைக்க ஆசை. பளபளவென்று எதைத் தேர்ந்தெடுக்கலாம்?
— ஒரு தொழிலதிபர், கன்னியாகுமரி

கடலுக்குப் போய்க் களைத்து ஓய்ந்த மரம் ஒன்றை உரிய விலை கொடுத்து வாங்குங்கள். வார்னிஷ் அடிக்காதீர்கள், கயிறு உரசிய தழும்பும் கால் பதிந்த பள்ளமும் அதில் தெரியட்டும். அதைக் கட்டியவரை அழைத்து, வரும் விருந்தினருக்கு அவர் வாயால் விளக்கச் செய்து, அதற்கும் கூலி கொடுங்கள்.

புதுத் தோணி கட்ட எப்போது சொல்லி வைக்க வேண்டும்?
— ஒரு வாசகி, கடியபட்டணம்

மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த நாட்களில் பழுது பார்க்கும் வேலை குவிந்திருக்கும். பங்குனிக்கு முன்பே ஓடாவியிடம் போய் முன்பணம் கொடுத்து, எந்தத் துறையில் இறக்கப் போகிறீர்கள், எத்தனை பேர் ஏறுவீர்கள் என்று சொல்லிவிடுங்கள். நீளமும் அகலமும் அவர் முடிவு செய்வார்.